டீக் ஸ்லேட்டனின் வரிசை: நிலாவுக்கு யார் போனார்கள், யார் போகவில்லை

"நாசா ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்த விண்வெளி வீரர்கள் எல்லோரும் நிலாவுக்குப் போனார்களா? ஆம்ஸ்ட்ராங்தான் முதலில் கால் வைக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்தார்கள்? மற்றவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1959 ஏப்ரலில் 7 பேர், 1962 செப்டம்பரில் 9 பேர், 1963 அக்டோபரில் 14 பேர், ஆக முதல் மூன்று தேர்வுகளில் 30 பேர். இதில் நிலாவரை போனவர்கள் 14 பேர், அதில் இறங்கி நடந்தவர்கள் 8 பேர். நிலாப் பயணங்கள் தொடங்குவதற்கு முன்பே, 1964-க்கும் 1967-க்கும் நடுவில், செத்துப்போனவர்கள் 7 பேர். முப்பதில் ஏழு. அந்த ஏழு சாவுகளில் ஒன்றுகூட விண்வெளியில் நடக்கவில்லை. நான்கு பேர் டி-38 பயிற்சி விமான விபத்துகளில் போனார்கள், மூன்று பேர், நிலாவுக்கு ஆள் அனுப்பும் அப்பல்லோ திட்டத்தில், தரையில் நின்றுகொண்டிருந்த அப்பல்லோ 1 கலத்துக்குள் நடந்த தீ விபத்தில்.

ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் பலரும் நினைப்பது, இருந்தவர்களிலேயே சிறந்தவர் யார் என்று பார்த்து அவரைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. இருந்தது ஒரு வரிசை. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். நமக்கு முன்னால் நிற்கிறவர் விலகினால் நாம் முன்னேறுவோம், கவுன்டரை மூடிவிட்டால் வீட்டுக்குப் போவோம்.

அந்த வரிசையை வைத்திருந்தவர் டீக் ஸ்லேட்டன். முதல் ஏழு பேரில் ஒருவர். 1962-இல் தன் விண்பயணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருக்கிறது என்று மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். பறக்க முடியாத அவரையே மற்ற வீரர்களுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள், எந்தக் கலத்தில் யார் போவது என்பது அவர் கைக்கு வந்தது. அவர் வைத்துக்கொண்ட விதி ரொம்ப எளிது: ஒரு பயணத்துக்கு மாற்றுக் குழுவாக இருந்தவர்கள், அடுத்த இரண்டு பயணங்களை விட்டுவிட்டு மூன்றாவதில் முதன்மைக் குழுவாகப் போவார்கள். அப்பல்லோவுக்கு முன்னால் நடந்த, இரண்டு பேர் போகும் ஜெமினி திட்டத்தில், ஜெமினி 5-க்கு மாற்று என்றால் ஜெமினி 8-இல் பயணம். அப்பல்லோ 8-க்கு மாற்று என்றால் அப்பல்லோ 11. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

1962-இல் எடுத்த ஒன்பது பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாசா எடுத்த குழுக்களிலேயே சிறந்தது இதுதான் என்பது என் கட்சி. ஆம்ஸ்ட்ராங், போர்மன், கான்ராட், லவல், மெக்டிவிட், எலியட் சீ, ஸ்டாஃபோர்ட், எட் வைட், ஜான் யங். விண்ணப்பித்தவர்கள் 253 பேர். பொறியியல் அல்லது அறிவியல் பட்டம், சோதனை விமானி அனுபவம், வயது 35-க்குள், உயரம் 6 அடிக்கு மிகாமல். ஹூஸ்டனில் ரைஸ் ஹோட்டலுக்கு ரகசியமாக வரச் சொன்னார்கள். செய்தி வெளியே போகக்கூடாது என்பதால், வரவேற்பறையில் 'மேக்ஸ் பெக்' என்ற பெயரைச் சொல்லி அறை கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்கள். மேக்ஸ் பெக் என்பது அந்த ஹோட்டல் மேலாளரின் பெயர். ஒரே நாளில் ஒன்பது மேக்ஸ் பெக் வந்து நின்றால் வரவேற்பறைக்காரர் என்ன நினைத்திருப்பார்?

இவர்களில் லவலும் கான்ராடும் 1959-இலேயே முயன்று தோற்றவர்கள். லவலுக்கு ரத்தத்தில் பிலிருபின் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். கான்ராட் கதை இன்னும் வேடிக்கை. அன்றைய மருத்துவப் பரிசோதனைகள் ஆளைக் கிழித்துப்போடும் ரகம், அவர் அங்கே எகிறிக்கொண்டே இருந்திருக்கிறார், பரிசோதனைக்கு மல மாதிரி கேட்டதற்கு ஒரு பரிசுப் பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 'நீண்ட பயணங்களுக்கு ஏற்றவர் அல்ல' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதே ஆள் பின்னாளில் ஜெமினி 5-இல் 8 நாள், ஸ்கைலேப் நிலையத்தில் 28 நாள் இருந்துவிட்டு வந்தார்.

ஆம்ஸ்ட்ராங் விண்ணப்பமோ கடைசித் தேதி முடிந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் அவரோடு வேலை செய்து பின்பு ஹூஸ்டனுக்கு மாறியிருந்த டிக் டே என்பவர், யாரும் பார்ப்பதற்குள் அதை மற்ற விண்ணப்பங்களோடு செருகிவிட்டார். வரிசையில் நிற்கும் முன்பே ஒரு சின்ன விதிமீறல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆம்ஸ்ட்ராங் தன் சின்ன மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார், விண்ணப்பம் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, வரிசை எப்படிக் கலைந்தது என்று பார்ப்போம்.

1966 பிப்ரவரி 28. ஜெமினி 9-இல் போகவேண்டிய எலியட் சீயும் சார்லி பாசெட்டும் ஒரு டி-38 விமானத்தில், அவர்களுடைய மாற்றுக் குழுவான ஸ்டாஃபோர்டும் செர்னனும் இன்னொரு டி-38-இல், செயின்ட் லூயிஸ் நகருக்குப் போகிறார்கள். மெக்டானல் தொழிற்சாலையில் அவர்களுடைய கலம் தயாராகிக்கொண்டிருந்தது. வானிலை மோசம், மேகம் தாழ்ந்து கிடக்கிறது. முதல் முயற்சியில் ஓடுபாதையைத் தவறவிட்ட சீ, மேலே ஏறி மறுபடி வராமல், பாதையைக் கண்ணில் வைத்துக்கொண்டே தாழ்வாக வட்டமடிக்கிறார். விமானம் ஒரு கட்டடத்தின் கூரையில் மோதி வளாகத்துக்குள் விழுகிறது. அவர்கள் பறக்கவேண்டிய ஜெமினி கலம் நின்றிருந்த அதே கட்டடம். இருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். பின்னால் வந்தவர்கள் பத்திரமாக இறங்கினார்கள், ஜெமினி 9 அவர்களுக்குப் போனது.

இப்போது வரிசையைப் பாருங்கள். ஜெமினி 10-க்கு மாற்றுக் குழுவாக இருந்தவர்கள் லவலும் பஸ் ஆல்ட்ரினும். விதிப்படி அவர்கள் போகவேண்டியது ஜெமினி 13. ஆனால் ஜெமினி திட்டமே 12-ஓடு முடிகிறது! அதாவது ஆல்ட்ரின் நின்றது சுவரில் போய் முட்டும் வரிசை. மாற்றுக் குழு மேலே போனதால் காலியான ஜெமினி 9 மாற்று இடத்துக்கு இவர்களை நகர்த்தினார் ஸ்லேட்டன். 9-க்கு மாற்று என்றால் 12. 1966 நவம்பரில் ஆல்ட்ரின் ஜெமினி 12-இல் போய், கலத்துக்கு வெளியே 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்து, அதுவரை எல்லோரையும் மூச்சுத் திணற வைத்த விண்நடையை நிதானமாகச் செய்து காட்டினார். தண்ணீருக்குள் மூழ்கிப் பயிற்சி எடுத்தது அதற்குக் கைகொடுத்தது. அந்தப் பயணம் இல்லையென்றால் அப்பல்லோவில் அவருக்கு முன்வரிசை இடம் கிடைத்திருக்காது. சுற்றுப்பாதையில் இரண்டு கலங்கள் சந்திப்பது பற்றி எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர், திறமையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனாலும் அவர் நிலாவுக்குப் போனதன் பின்னால் அந்த மோசமான காலை இருக்கிறது.

ஆம்ஸ்ட்ராங்குக்கு வருவோம். 1968 நடுப்பகுதியில் இருந்த திட்டப்படி, மெக்டிவிட் குழு நிலாவில் இறங்கும் சின்னக் கலமான லூனார் மாட்யூலைப் பூமிச் சுற்றுப்பாதையில் சோதிக்க அப்பல்லோ 8-இல் போகவேண்டும், அவர்களுக்கு மாற்று கான்ராட் குழு. போர்மன் குழு அப்பல்லோ 9, அவர்களுக்கு மாற்று ஆம்ஸ்ட்ராங் குழு. இந்தக் கணக்கில் அப்பல்லோ 11 யாருக்கு? கான்ராடுக்கு. ஆனால் லூனார் மாட்யூல் சொன்ன நேரத்தில் தயாராகவில்லை. சோவியத் யூனியன் முந்திக்கொண்டு ஆளை அனுப்பி நிலாவைச் சுற்ற வைத்துவிடுமோ என்ற பயம் வேறு. மாட்யூல் இல்லாமலேயே ஒரு கலத்தை நிலாவைச் சுற்ற அனுப்பலாம் என்று ஆகஸ்டில் முடிவானது. மாதக்கணக்கில் மாட்யூலோடு மல்லுக்கட்டிய மெக்டிவிட், அதை விட்டுவிட்டு வர விரும்பவில்லை. எனவே இரண்டு குழுக்களும் இடம் மாறின, மாற்றுக் குழுக்களும் கூடவே மாறின. ஆம்ஸ்ட்ராங் 11-க்கு வந்தார், கான்ராட் 12-க்குப் போனார்.

அப்போதுகூட 11-தான் முதலில் இறங்கும் என்பது யாருக்கும் உறுதியில்லை. 8, 9, 10 மூன்றும் பிசகில்லாமல் முடிந்ததால் அப்படி அமைந்தது. 10-இல் ஏதாவது கோளாறு என்றிருந்தால் 11 இன்னொரு ஒத்திகையாகப் போயிருக்கும். ஏழு பேரில் ஒருவரான கஸ் கிரிஸம் அப்பல்லோ 1 தீயில் சாகாமல் இருந்திருந்தால் முதல் வாய்ப்பை அவருக்கே கொடுத்திருப்பேன் என்று ஸ்லேட்டன் பின்னாளில் எழுதியும் இருக்கிறார். கலத்திலிருந்து யார் முதலில் வெளியே இறங்குவது என்பதை மட்டும் மேலதிகாரிகள் உட்கார்ந்து பேசி, ஆம்ஸ்ட்ராங் என்று முடிவெடுத்தார்கள்.

இதற்காக அவரைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம். 1968 மே 6-ஆம் தேதி, நிலாவில் இறங்கப் பழகும் அந்தப் 'பறக்கும் கட்டில்' எந்திரம் அவர் கையை மீறிச் சாய்ந்தது. சுமார் 60 மீட்டர் உயரத்தில், கடைசி நொடியில் இருக்கையோடு வெளியே எகிறிப் பாராசூட்டில் இறங்கினார், எந்திரம் கீழே விழுந்து எரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதைத் தவிர காயமில்லை. அன்று மத்தியானம் ஆலன் பீன் அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஆம்ஸ்ட்ராங் தன் மேசையில் உட்கார்ந்து காகித வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். விபத்து பற்றி வெளியில் கேள்விப்பட்ட பீன் நம்ப முடியாமல் திரும்பிவந்து அவரிடமே கேட்டாராம், ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாராம். வரிசையில் இடம் தற்செயலாகக் கிடைத்தது, அந்த நெஞ்சுரம் அப்படிக் கிடைத்ததில்லை.

ஜிம் லவல் வாழ்க்கை முழுக்கவே வரிசை செய்த விளையாட்டு. மைக்கேல் காலின்ஸுக்குக் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் போர்மன் குழுவில் அவர் இடத்துக்கு லவல் போனார், 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-இல் நிலாவைச் சுற்றினார். குணமான காலின்ஸ் 11-க்கு வந்து சேர்ந்தார். அடுத்து ஷெப்பர்ட். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர், உள்காதில் மெனியர் நோய் வந்து வருடக்கணக்கில் தரையில் கிடந்தவர். 1968-இல் லாஸ் ஏஞ்சலஸ் போய் வேறு பெயரில் மருத்துவமனையில் சேர்ந்து அறுவை செய்துகொண்டு, மறுபடி பறக்கத் தகுதி பெற்றார். வந்த கையோடு அப்பல்லோ 13 தலைமையை அவருக்குக் கொடுக்கப் பார்த்தார் ஸ்லேட்டன், பழைய சிநேகிதம். அந்த இடம் விதிப்படி, அப்பல்லோ 10-க்கு மாற்றுத் தலைவராக இருந்த கார்டன் கூப்பருக்கு வந்திருக்க வேண்டும். கசந்துபோன கூப்பர் 1970-இல் விலகிவிட்டார். ஸ்லேட்டனின் விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை, ஷெப்பர்டுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றது. அதனால் 14-இல் போகவேண்டிய லவல் குழுவை 13-க்கும், ஷெப்பர்டை 14-க்கும் மாற்றினார்கள். 13 வழியில் வெடிப்பு நேர்ந்து, நிலாவில் இறங்காமலேயே திரும்பியது ஊரறிந்த கதை. இரண்டு முறை நிலாவுக்குப் போனவர்கள் மூன்றே பேர்: லவல், யங், செர்னன். மற்ற இருவரும் இரண்டாம் முறை இறங்கினார்கள். லவலுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. ஷெப்பர்ட் 1971 பிப்ரவரியில், 47 வயதில் நிலாவில் நடந்தார். முதல் ஏழு பேரில் நிலாவுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பது பேரில் எலியட் சீயும் எட் வைட்டும் இறந்துபோக, மிச்சமிருந்த ஏழு பேரில் ஆறு பேர் நிலாவுக்குப் போனார்கள். ஏழாமவர் மெக்டிவிட், பறப்பதை விட்டுவிட்டு அப்பல்லோ கலத் திட்டத்தின் மேலாளராகப் போய்விட்டார். போர்மனும் ஒரே நிலாப் பயணத்தோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். சோவியத்தை முந்துவதுதான் அவருக்கு வேலை, அது முடிந்ததும் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்குப் போய் அதன் தலைவரானார். காலின்ஸுக்கும் வாய்ப்பு வந்தது. அப்பல்லோ 14-க்கு மாற்றுத் தலைவராக இரு என்றார் ஸ்லேட்டன். 14-க்கு மாற்று என்றால் 17, அதாவது நிலாவில் இறங்கும் தலைவர் பதவி. 11 நல்லபடி முடிந்தால் விலகிவிடுவேன் என்றுவிட்டார் காலின்ஸ், சொன்னபடியே செய்து, பிறகு வாஷிங்டனில் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பிய இயக்குநரானார். அவர் வேண்டாம் என்ற இடம் ஜீன் செர்னனுக்குப் போனது. நிலாவை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய மனிதர் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்ததுதான்.

இதுவரை இடம் பிடித்த கதையையே சொன்னேன். அங்கே போய் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். இவர்கள் எல்லோரும் விமானிகள், கல்லைப் பார்த்தால் கல் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்கள். 1964-இலிருந்து கிராண்ட் கேன்யன், எரிமலைப் பகுதிகள் என்று அழைத்துப்போய் நிலவியல் சொல்லிக்கொடுத்தார்கள், பலருக்குக் கொட்டாவிதான் வந்தது. பிற்பாடு கால்டெக் பேராசிரியர் லீ சில்வர் வந்து, பாடத்தை ஒரு போட்டி மாதிரி ஆக்கிவிட்டார். இதில் உண்மையாகவே விழுந்துபோனவர் 1963 குழுவின் டேவ் ஸ்காட். 1971-இல் அப்பல்லோ 15-இல் ரோவர் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, குமிழ் குமிழாகத் துளைகள் உள்ள ஒரு எரிமலைக் கல் தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். நேரமோ இல்லை, நிறுத்தக் கேட்டால் ஹூஸ்டன் வேண்டாம் என்றுதான் சொல்லும். சீட் பெல்ட்டைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி வண்டியை நிறுத்தி, கூட இருந்த ஜிம் இர்வின் சுற்றியிருக்கும் பள்ளங்களைப் பற்றி ரேடியோவில் வளவளவென்று பேசிக்கொண்டிருக்க, இறங்கிப்போய்க் கல்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் கல்லுக்கு 'சீட் பெல்ட் பாசால்ட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதே ஸ்காட் குழுதான் அனுமதியில்லாமல் சுமார் 400 தபால் உறைகளை நிலாவுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டது, மூவரும் அப்புறம் பறக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலை என்ற அளவில் பார்த்தால் ஜான் யங்தான் ராஜா. 1965-இல் ஜெமினி 3-க்குள் ஒரு சாண்ட்விச்சை ஒளித்துக் கொண்டுபோய்த் திட்டு வாங்கினார். ஜெமினி 10, அப்பல்லோ 10, பிறகு 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16. நிலாவில் நின்றிருக்கும்போதே, விண்வெளி ஓட (ஸ்பேஸ் ஷட்டில்) திட்டத்துக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை பணம் ஒதுக்கிவிட்டது என்ற செய்தியை ஹூஸ்டன் வாசித்தது, நாட்டுக்கு அது ரொம்பத் தேவை என்று அங்கிருந்தே சந்தோஷப்பட்டார். ஒன்பது வருடம் கழித்து, 1981 ஏப்ரல் 12-ஆம் தேதி, அந்த ஓடத்தின் முதல் பயணத்துக்குத் தலைவர் அவரே. நாசாவில் 42 வருடம் இருந்து 2004-இல் ஓய்வு பெற்றார்.

ஆலன் பீன் வேறு தினுசு. அவரை அப்பல்லோ வரிசையிலேயே சேர்க்கவில்லை, ஓரமாக வேறு திட்டத்தில் போட்டிருந்தார்கள். கான்ராட் குழுவில் இருந்த சி.சி. வில்லியம்ஸ் 1967 அக்டோபரில் டி-38 விபத்தில் இறந்ததும், பீன்தான் வேண்டும் என்று கான்ராட் கேட்டு வாங்கினார். அப்பல்லோ 12 சின்னத்தை உற்றுப் பாருங்கள், போனது மூன்று பேர், அதில் நட்சத்திரம் நான்கு இருக்கும். நான்காவது வில்லியம்ஸுக்கு. அவருடைய கடற்படை விமானிச் சிறகுச் சின்னத்தையும் பீன் நிலாவில் வைத்துவிட்டு வந்தார். 1981-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார், வரைந்ததெல்லாம் நிலாதான்.

அந்தக் குழுவின் மூன்றாமவர் டிக் கார்டன். மற்ற இருவரும் கீழே இருக்கத் தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தவர். அவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தலையிலிருந்து கால்வரை கரித்தூள் மாதிரி நிலாத் தூசி. என் கலத்தை அசிங்கப்படுத்த விடமாட்டேன், கழற்றிவிட்டு வாருங்கள் என்றுவிட்டார் கார்டன், இருவரும் உடையெல்லாம் களைந்துவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. அவருக்கும் முறை வந்தது. அப்பல்லோ 15-க்கு மாற்றுத் தலைவர், அதாவது 18-க்குத் தலைவர், இந்த முறை தானே இறங்கலாம். 1970 செப்டம்பரில் நிதிப் பற்றாக்குறையால் கடைசிப் பயணங்களை வெட்டினார்கள், 18 போயிற்று. 17-ஐயாவது தன் குழுவுக்குக் கேட்டு முட்டி மோதினார். போட்டியாளர் செர்னன் 1971 ஜனவரியில் தாழ்வாகப் பறந்து ஹெலிகாப்டரை ஆற்றுக்குள் விட்டிருந்தார், ஆனாலும் 17 செர்னனுக்கே போனது. கார்டன் குழுவிலிருந்து ஹாரிசன் ஷ்மிட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள், நிலவியல் அறிஞர் ஒருவராவது போகவேண்டும் என்று விஞ்ஞானிகள் விடாமல் கேட்டதால். கார்டன் 1972 ஜனவரியில் நாசாவை விட்டு, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நிர்வாகியாகப் போய்விட்டார்.